மூணு மணிப் பாலுக்குள் ஒரு ஐசி

அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். சித்தூர் போய் ஒரு ஐசி வாங்கி வர வேண்டும்.

சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். எட்டுக் கால். வாங்கி, மாட்டி, மூணு மணிக்கு மெஷினை ஓட வைக்க வேண்டும். அவ்வளவே.

எந்த மெஷின் என்றால், எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் இருக்கிற டெஸ்ட் மெஷின். ஒரு கரண்டிப் பாலைக் காட்டினால் போதும். ஒரு நிமிஷத்தில் கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் போட்டு உடைத்துவிடும். அதைப் பார்த்துத்தான் பாலுக்கு விலை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு இடி இடித்தது. மெஷின் கண்ணை மூடிக்கொண்டது.

மெஷின் இல்லாவிட்டால் எல்லார் பாலுக்கும் ஒரே சராசரி விலை. கெட்டிப் பால் ஊற்றுகிறவர்களுக்கு வயிற்றெரிச்சல். தண்ணிப் பால் ஊற்றுகிறவர்களுக்குத் தீபாவளி.

அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து பாலைச் சோதிப்பது என் மனைவி மல்லிகா. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். கேனோடு நின்ற ஐம்பது பேர் முன்னால் மல்லிகா சொல்லிவிட்டாள்: "எங்க ஊட்டுக்காரரு முப்பது வருசம் டிவி மெக்கானிக்குங்க. நாளைக்கு மூணு மணிப் பாலுக்கு மெஷின் ஓடும். ஓடலைன்னா என்னையக் கேளுங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன். சட்டை எடுக்கப் போனால் நீலமா பச்சையா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவன் நான். ஐம்பத்தைந்து வயதாகிறது. டீயா காபியா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

காலையில் மெஷினை வீட்டுக்குத் தூக்கி வரும்போது சரோஜாக்கா வழிமறித்தார். எங்கள் ஊரிலேயே கெட்டிப் பால் அவருடையது.

"தம்பி, என்ற மாடு ரெண்டுக்கும் பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்தறேன். என்ற பாலுக்கும் பச்சத்தண்ணிக்கும் ஒரே விலைன்னா, மாட்டை வித்துப்போட்டு நானும் குழாயத் தொறந்து உட்டுக்குவேன். சொல்லிப்போட்டேன்!"

"ஓடீருமுங்க அக்கா."

"ஓடோணும். மல்லிகா வாய உட்டுப்போட்டா. நீ ஓட்டலைன்னா அந்தப் புள்ளை அங்க எப்படி உக்காருவா?"

போர்டைக் கழற்றிப் பார்த்தேன். கரண்டைத் துண்டு துண்டாக நறுக்கி மெஷினுக்கு அளந்து கொடுக்கிற பவர் சப்ளை ஐசி அது. தலையில் ஓட்டை விழுந்திருந்தது. ஃபியூஸும் போயிருந்தது. மற்றதெல்லாம் பிழைத்திருந்தது. ஐசியின் நம்பரும் தெளிவாகத் தெரிந்தது.

சுலபமான கோளாறு. சுலபமானது எதுவும் என் கையில் சுலபமாக இருந்ததில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பழனிச்சாமி மச்சான் வந்தார். மல்லிகாவின் அண்ணன்.

"சித்தூருங்களா மாப்ளே? நானும் வாரனுங்க. இந்த மாதிரி காரியத்துக்குத் தனியாப் போகக்கூடாது."

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மாடுகள் தண்ணீர் அதிகம் குடிக்கும். அவரே அப்படித்தான் சொல்வார். மெஷின் வந்ததிலிருந்து அந்த மாடுகள் அவரை ரொம்பவே அவமானப்படுத்திவிட்டன. மெஷின் படுத்துக்கொண்டதில் ஊரிலேயே சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவர்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் முறையாக மச்சான் துணைக்கு வருகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

சித்தூர் கடைக்குள் நுழைந்து நம்பரைச் சொன்னேன். மலையாளம் பேசுகிற கடைக்கார சேட்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"பழயதா, புதியதா?"

அங்கே தொடங்கியது என் சனி.

"ரெண்டு இருக்குதுங்களா?"

சேட்டன் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "ரெண்டும் ஒரே கால், ஒரே பணி. பழயது கரண்ட் கூடுதல் குடிக்கும், சூடாகும். பக்ஷே முப்பது வோல்ட் வந்தாலும் தாங்கும். புதியது கொறச்சே குடிக்கும், சூடே இல்லா. பக்ஷே பதினெட்டு வோல்ட்டுக்கு மேலே கொடுத்தா கதை கழிஞ்சு. எது வேணும்?"

கூடுதல் தின்னும். சீக்கிரம் சூடாகும். எதையும் தாங்கும். ஐசியைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று ஒரு கணம் குழம்பினேன்.

எங்கள் போர்டில் இந்த ஐசிக்கு எத்தனை வோல்ட் வருகிறது? தெரியாது. போர்டு ஓடினால்தான் அளக்கலாம். ஐசி போட்டால்தான் போர்டு ஓடும். எந்த ஐசி போடுவது என்று தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டும்.

இந்த வட்டத்துக்குள் நான் பத்து நிமிஷம் சுற்றினேன்.

கடைசியில் பழசை நோக்கிக் கை நீண்டது.

"பழசுங்களா மாப்ளே?" என்றார் மச்சான், ரொம்பக் கனிவாக. "எத்தனை வருசம் டப்பாவுல கெடந்துச்சோ. உங்களுக்குத் தெரியாததில்ல. யோசிச்சுக்கோங்க."

கையைப் புதுசுக்குத் திருப்பினேன்.

"புதுசுங்களா? பதினெட்டுக்கு மேல தாங்காதுன்னு அவரே சொல்றாருங்களே. நம்மூரு கரண்டு, இடி, மின்னல்... யோசிச்சுக்கோங்க."

கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அவசரமே வேண்டாமுங்க. வாங்க, ஒரு டீ குடிச்சுப்போட்டு நிதானமா யோசிக்கலாம்."

டீக்கடையில் மச்சான் என்னோடு சரிக்குச் சரியாக யோசித்தார். நான் பழசு என்றால் புதுசின் அருமையைச் சொன்னார். நான் புதுசு என்றால் பழசின் பெருமையைச் சொன்னார். ஒரு பக்கமும் சாயாமல் இப்படி யோசிக்கிற மனிதரை இத்தனை நாள் தண்ணிப் பால்காரர் என்றே நினைத்துவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

திரும்பக் கடைக்குப் போனோம். திரும்ப டீக்கடைக்கு வந்தோம். இரண்டாவது டீ. மச்சான் எனக்கு ஒரு பழம்பொரியும் வாங்கித் தந்தார். அதுவும் முப்பது வருஷத்தில் முதல் முறை.

மூன்றாம் தடவை படி ஏறியபோது சேட்டன் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணா, நிங்கள் ஐசி வாங்கானோ வந்தது, பெண்ணு காணானோ?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

"ரெண்டும் எடுத்தோ!" என்றார் சேட்டன். "ரெண்டும் கூடி ஒரு நேரத்து ஊண் காசு ஆகாது."

முப்பது வருஷ மெக்கானிக். இரண்டையும் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை! ஃபியூஸும் ரெண்டு சேர்த்து வாங்கிப் பையில் போட்டேன். மச்சானின் முகம் வாடியது. வண்டியில் ஏறியதும் மறுபடி மலர்ந்தது.

"இருந்தாலும் மாப்ளே, ஊட்டுக்குப் போயி எதை மாட்டறதுன்னு யோசிக்கோணுமில்லீங்க?"

வீடு வந்தபோது மணி பன்னிரண்டரை. மல்லிகா வாசலிலேயே நின்றாள்.

"ஒரு ஐசி வாங்க இத்தனை நேரமுங்களா?"

"ரெண்டு வாங்கியிருக்கேன்."

"ஒண்ணுதானுங்களே போச்சு?"

நேராகப் போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஐசியை நேராகப் பற்றவைக்காமல், முதலில் ஒரு பேஸைப் பற்றவைத்தேன். அதில் ஐசியைச் செருகலாம், பிடுங்கலாம், மாற்றிச் செருகலாம். என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் யாரோ அதைச் செய்திருக்க வேண்டும்.

ஃபியூஸை மாற்றி, புதுசைச் செருகி ஸ்விட்ச் போட்டேன். மெஷின் கண் திறந்தது! ஐசிக்கு வருகிற வோல்டேஜை அளந்தேன். பதினைந்தரை. பதினெட்டுக்குள்தான் இருக்கிறது. கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அத்தோடு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

இன்றைக்குப் பதினைந்தரை. இன்னொரு இடி இடித்தால்? புதுசைப் பிடுங்கிப் பழசைச் செருகினேன். அதுவும் ஓடியது. பத்து நிமிஷத்தில் தோசைக்கல் மாதிரி சுட்டது. வெயில் காலத்தில் என்ன ஆகும்? பழசைப் பிடுங்கிப் புதுசைச் செருகினேன். இப்படி நாலு தடவை.

இரண்டு மணிக்கு மல்லிகா சொசைட்டிக்குக் கிளம்பினாள். "ஏனுங்க, மாட்டைக் கறந்துபோட்டு, பாலையும் மெஷினையும் எடுத்துட்டு வந்துருங்க. எது ஓடுதோ அதோட வாங்க. யோசிக்காதீங்க."

யோசிக்காதே என்றால் யோசிக்காமல் இருக்க முடிகிறதா? கேனை எடுத்தேன், கழுவினேன், கறந்தேன், ஊற்றினேன், மூடினேன். கைகள் அவை பாட்டுக்கு வேலையைச் செய்தன. மனசு பதினைந்தரைக்கும் பதினெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் புதுசே இருக்கட்டும் என்று வைத்தேன். மூடியைத் திருகவில்லை. எதற்கும் ஒரு நாள் திறந்தே இருக்கட்டும், பார்த்துவிட்டு மூடலாம் என்று விட்டேன். பழசையும் மீதி ஃபியூஸையும் ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சொசைட்டியில் கூட்டம் நிறைந்திருந்தது. மெஷினை மேசையில் வைத்ததும் எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். யாராவது பார்த்தால் எனக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது.

"இதோ, இந்தக் குட்டிதான் ஆளு. மொத்த மெஷினும் இவன் கையில."

"இத்தனூண்டா தம்பி?" என்று எட்டிப் பார்த்தார் சரோஜாக்கா. கண்ணில் பாசம் தெரிந்தது.

நான் மேசைக்கடியில் குனிந்து பிளக்கைச் செருகினேன். நிமிர்ந்தேன். "போடட்டுமுங்களா?"

"போடு தம்பி!"

ஸ்விட்சைப் போட்டேன்.

டப்!

பட்டாசு மாதிரி ஒரு வெடி. சின்னதாக ஒரு புகை. கருகின வாடை. அதோடு கூட, கோயிலுக்குள் வந்த மாதிரி ஒரு மணம்.

எனக்கு மணத்தை ஆராய நேரமில்லை. என்னை நானே திட்ட ஆரம்பித்துவிட்டேன். "என்ற தப்புங்க. பழசைப் போட்டிருக்கோணும். பதினைஞ்சரைன்னு பாத்துப்போட்டு நம்பிட்டேன். நான் எப்பவுமே இப்படித்தான். படிக்கிற காலத்துலயே..."

"நான் அப்பவே சொன்னனுங்களே மாப்ளே, பழசுதான் தாங்கும்னு!" என்றார் மச்சான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சரி, உடுங்க. இன்னைக்கும் சராசரியே போட்டுக்கலாமுங்க."

காலையிலிருந்து அவர் யோசிக்காமல் சொன்ன முதல் முடிவு அது.

மல்லிகா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினுக்குள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, ஐசிக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

பார்த்தேன். வெடித்த தலை மேல் மஞ்சளாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சந்தனம் ஈரமாக வழிந்து எட்டுக் காலையும் ஒன்றாகக் கட்டி, பக்கத்தில் முந்நூறு வோல்ட் நிற்கிற இடம் வரை போயிருந்தது. பதினெட்டுத் தாங்குமா இருபது தாங்குமா என்று நான் கணக்குப் போட்ட சாமான், ஒரே முழுங்கில் முந்நூறைக் குடித்திருந்தது.

"நாந்தான் சாமி," என்றார் சரோஜாக்கா. "டிராக்டரு, மோட்டாரு, மிக்சி, எதுக்குத்தான் பொட்டு வெக்காம சுச்சு போட்டிருக்கறோம்? தம்பி வேற, இவந்தான் ஆளுன்னு காட்டுனாப்ல. பெட்டிக்கு வெக்கறதை ஆளுக்கே வெச்சுரலாம்னு..."

மூடியைத் திருகியிருந்தால் பொட்டு மூடிக்கு விழுந்திருக்கும்.

கோபப்பட நேரமில்லை. மேசை மேல் கை துடைக்கிற சானிடைசர் இருந்தது. ஒரு பழைய பிரஷ்ஷை வாங்கிச் சந்தனத்தை எல்லாம் கழுவினேன், துடைத்தேன், காயவைத்தேன். மீதி இருந்த ஃபியூஸைப் போட்டேன். சட்டைப் பையிலிருந்து பழைய ஐசியை எடுத்துச் செருகினேன். அன்றைக்கு நான் துளியும் தயங்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான். கையில் வேறு ஐசி இல்லை.

மூடியைத் திருகினேன். நாலு திருகாணியையும் முடுக்கினேன். "இப்ப வெய்யுங்க அக்கா," என்றேன். சரோஜாக்கா மூடியின் மேல் பொட்டு வைத்தார். ஸ்விட்சைப் போட்டேன்.

சிவப்பு எழுத்து பளிச்சென்று எரிந்தது. கூட்டம் கை தட்டியது. மணி மூன்று. மல்லிகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு சேட்டன்களிடம் பேச்சு வாங்கலாம்.

"முதல்ல எங்க பாலுங்க," என்றாள் மல்லிகா. "மெஷினு சரியா ஓடுதான்னு எல்லாரும் பாத்துக்கோங்க. அப்பறம் வரிசையா வாங்க."

எங்கள் கேனிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் காட்டினாள். ஐம்பது பேரும் எட்டிப் பார்த்தோம். ஒரு நிமிஷம்.

கொழுப்பு குறைவு. தண்ணீர், நூற்றுக்குப் பதினொன்று.

வெளியே யாருடைய மாடோ கத்தியது.

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னனுங்களே மாப்ளே, புதுசைத்தான் போடோணும்னு! பாருங்க, பழசு தப்புத் தப்பாக் காட்டுது."

"ஆமாமா," என்றார் பின்னால் ஒருவர். "மல்லிகாக்கா ஊட்டுப் பால்ல தண்ணி இருக்குமுங்களா? மெஷினுதான் கோளாறு."

"பழைய சாமானைப் போட்டா இப்படித்தானுங்க ஆகும்."

எனக்கும் அப்படியே தோன்றியது. ஐசி சூடாகியிருக்கும், வோல்டேஜ் இறங்கியிருக்கும், மெஷின் உளறுகிறது. மீட்டரை எடுத்து மெஷினுக்குப் போகிற வோல்டேஜை அளந்தேன்.

பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டே வந்தது. முள் அசையாமல் நின்றது. பழைய ஐசி தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

அப்படியானால்?

கேனை எடுத்தேன். கழுவினேன். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு நாலு சுழற்றுச் சுழற்றினேன். கீழே கவிழ்த்தேனா?

பதினைந்தரை, பதினெட்டு என்று யோசித்துக்கொண்டே அதன் மேலேயே பாலை ஊற்றியிருக்கிறேன்.

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் முழுக்க என் பக்கம் நின்றது. நான் 'ஆமாங்க, ஐசிதான்' என்று ஒரு தடவை தலையை ஆட்டினால் போதும். என் மானம் பிழைக்கும். மெஷின் போகும். கோயம்புத்தூர் ஆள் வருகிற வரை சராசரி ஓடும். வரிசையில் இரண்டாவதாகச் சரோஜாக்கா நின்றார். கேனைக் கீழே வைக்காமல் இடுப்பிலேயே அணைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி விஷயத்துக்கு எனக்கு வழக்கமாக இரண்டு நாள் வேண்டும்.

"மெஷினு சரிங்க," என்றேன். "பாலுதான் தப்பு. கேனைக் கழுவுன தண்ணியக் கீழ கவுக்க மறந்து, அதுலயே கறந்து ஊத்திப்போட்டேன்."

சொசைட்டிக் கூரையே பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

"மறந்துட்டாராமா!"

"அட, பழனிச்சாமியண்ணன் மூணு வருசமா மாட்டு மேல பழி போடறாரு, இவரு மறதி மேல போடறாருங்க!"

"மச்சானும் மாப்ளையும் ஒண்ணாச் சித்தூர் போறப்பவே நெனச்சேன்!"

ஐசி வெடித்ததை நம்பினார்கள். பொட்டு வைத்ததை நம்பினார்கள். தண்ணீரைக் கவிழ்க்க மறந்ததை மட்டும் ஒருத்தர்கூட நம்பவில்லை. உண்மையைச் சொல்லித் திருடன் என்று பெயர் வாங்கினேன்.

மல்லிகா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் பெயருக்கு நேராகப் 'பால் எடுக்கவில்லை' என்று எழுதினாள். கேனை என் பக்கம் தள்ளினாள். "அடுத்து வாங்க."

சரோஜாக்கா பால் ஓடியது. நல்ல கொழுப்பு. தண்ணீர் சைபர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்கு இன்னொரு பொட்டு வைத்தார். மூடி மேல்தான்.

எத்தனை பேர் மனசு குளிர்ந்தது என்று திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் மச்சான் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க மச்சான் கெளம்பீட்டீங்க?"

"மாட்டுக்குத் தவுடு வெக்க மறந்துட்டனுங்க மாப்ளே. நாளைக்கு வாரேன்."

அவர் மறந்ததையும் ஒருவரும் நம்பவில்லை.

என் கேனோடு நானும் வீடு வந்து சேர்ந்தேன். மல்லிகா சொசைட்டியை மூடிவிட்டு வந்தபோது ஐந்தரை. நேராக அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்த அந்தக் கேன் பாலிலேயே ஒரு டம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

நான் கேட்காமலே அவள் சொன்னாள்:

"தண்ணி சேக்கலீங்க. நீங்க ஊத்துனதே போதும்."